பார்க்கப்படுவதை அறியாத கப்பல்

இத்தாலியக் கடற்படை 1931, 1932-ஆம் ஆண்டுகளில் கட்டி முடித்த நான்கு கனரகக் குரூஸர் போர்க்கப்பல்களுக்கு ஸாரா, ஃபியூமே, போலா, கொரீட்சியா என்று பெயர். நான்கும் முதல் உலகப்போருக்குப் பின் இத்தாலியின் கைக்கு வந்த ஊர்கள். கிடைத்த மண்ணின் பெயரைக் கடலில் மிதக்கவிட்டுப் பார்க்கும் ஆசை எந்த அரசுக்குத்தான் இல்லை?

1922-ஆம் ஆண்டின் வாஷிங்டன் உடன்படிக்கை, குரூஸர்களின் எடைக்குப் பத்தாயிரம் டன் என்று வரம்பு கட்டியது. ஸாரா அவ்வரம்பை ஆயிரம் டன்னுக்கும் மேல் மீறியது. மீறிய எடையெல்லாம் பெரும்பாலும் கவசம். பக்கவாட்டில் 150 மில்லிமீட்டர் எஃகு. எட்டுப் பீரங்கிகள், ஒவ்வொன்றும் 203 மில்லிமீட்டர்.

'வேர்ல்டு ஆஃப் வார்ஷிப்ஸ்' என்னும் கணினி விளையாட்டில் நாம் செலுத்தும் ஸாராவுக்கும் அதே எட்டுப் பீரங்கிகள்தாம். அதன் அரைக் கவசத்துளைப்புக் குண்டு எதிரியைக் கடுமையாகச் சேதப்படுத்தும், தீ மூட்டாது. முழுவேகத்தில் ஓடிக்கொண்டே புகைத்திரை விரிக்கும் வசதியும் அதற்கு உண்டு. இவற்றையெல்லாம்விட நாம் அதிகம் நம்பியிருப்பது ஒரு சிறு குறியை. எதிரியின் பார்வையில் நாம் பட்ட கணமே அது திரையில் ஒளிரும். உடனே திரும்புகிறோம், புகையில் மறைகிறோம், பிழைக்கிறோம்.

1941 மார்ச் 28 இரவு, கிரேக்கத்தின் மட்டபான் முனைக்கு அப்பால் இருந்த ஸாராவுக்கு அப்படி எந்தக் குறியும் ஒளிரவில்லை. மாலையில் விமான டார்பிடோ தாக்கி அசையாது நின்ற போலாவை மீட்க, ஸாராவும் ஃபியூமேயும் நாசகாரிக் கப்பல்கள் நான்குடன் திரும்பி வந்தன. அவற்றில் ராடார் இல்லை. இரவில் பெரும் பீரங்கிகளால் போரிடும் வழக்கமும் இத்தாலியக் கடற்படைக்கு இல்லை. ராடார் காட்டிய போலாவை நோக்கி வந்துகொண்டிருந்த மூன்று பிரிட்டிஷ் பெரும்போர்க்கப்பல்கள், இருளில் குறுக்கே சென்ற இவ்விரண்டையும் கண்டுகொண்டன. இடைவெளி நான்கு கிலோமீட்டருக்கும் குறைவு. தேடொளி விளக்கு எரிந்ததும் குண்டுகள் விழுந்ததும் ஏறத்தாழ ஒரே கணம். ஸாராவின் பீரங்கிகள் முன்னும் பின்னும் நோக்கியபடியே இருந்தன.

விடிவதற்குள் மூன்று குரூஸர்களும் இரண்டு நாசகாரிகளும் மூழ்கின. இறந்தவர் 2,300-க்கும் மேல். படைப்பிரிவுத் தளபதி கத்தானேயோவும் அவர்களுள் ஒருவர்.

விளையாட்டை நாம் குறை சொல்லவில்லை. குண்டின் எடையையும் கவசத்தின் தடிமனையும் அது கற்றுத்தருகிறது. ஆனால் அந்தச் சிறு குறி நமக்கு அளிப்பது எத்தனை பெரிய சலுகை என்பது மட்டபானைப் படித்த பிறகே புரிகிறது. ஸாராவின் மாலுமிகளுக்கு இல்லாமற்போனது கவசமன்று. பார்க்கப்படுகிறோம் என்கிற அறிவு.

கொரீட்சியா அன்று அங்கே இல்லை, தப்பியது. அதன் ஊர் இன்றும் இத்தாலியில் இருக்கிறது. மூழ்கிய மூன்று கப்பல்களுக்குப் பெயர் தந்த ஊர்கள் இரண்டாம் உலகப்போருக்குப் பின் கைமாறிவிட்டன. இன்று அவை குரோஷியாவில், ஸாடர், ரியெகா, பூலா என வழங்குகின்றன.