இழைப்புளி தொடாத வில்

எங்கள் இல்லத்தின் பின்புறம் ஓலைக் கொட்டகை ஒன்று உண்டு. அதில் இரண்டு உளிகளும், வாய் மழுங்கிய இழைப்புளியும், ஒரு முழக்கோலும் தொங்குகின்றன. அவற்றுக்கு உரியவர் எங்களுள் ஒருவருக்குத் தந்தை, மற்றவருக்கு மாமனார். எங்கள் பங்குக் கோயிலின் பாவசங்கீர்த்தனத் தொட்டியைச் செய்த கை அவருடையது. 2021ஆம் ஆண்டில் வந்த பக்கவாதத்துக்குப் பின் அந்த வலக்கை நடுங்குகிறது. உளியைப் பிடித்தால் கோடு கோணுகிறது. ஆகவே உளியைத் தொடுவதை விட்டார். பேசுவதையும் ஏறக்குறைய விட்டுவிட்டார் என்றே சொல்ல வேண்டும். காலையில் திண்ணை, மாலையில் திண்ணை என்று நாட்கள் கழிந்தன.

2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளில் அங்கிதா பகத்தும் தீரஜ் பொம்மதேவராவும் வில்வித்தைக் கலப்பு இணைப் பிரிவில் நான்காவதாக வந்தார்கள். அதைத் தொலைக்காட்சியில் பார்த்த நாள்முதல் பதின்மூன்று வயதான எங்கள் மூத்தவனுக்கு வேறு நினைவே இல்லை. 70 மீட்டர்த் தொலைவு, 122 சென்டிமீட்டர் விட்டமுள்ள இலக்கு, அதன் நடுவே 12.2 சென்டிமீட்டர்ப் பத்துப் புள்ளி வட்டம் என்று மறைக்கல்வி வினாவிடையைக் காட்டிலும் சுத்தமாக ஒப்பிப்பான். வில் வேண்டும் என்றான். கடையில் விலை விசாரித்தோம், விசாரித்ததோடு நின்றோம்.

மூங்கிலில் செய்து தரலாமே என்றால் அவனுக்குப் பிடிக்கவில்லை. பெரிய வீரர்களின் வில்லுக்குப் பிடி உலோகம், கரங்கள் கரி இழை. நாம் மட்டும் ஏன் மூங்கிலுக்குப் போக வேண்டும் என்பது அவன் வாதம். வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் மாற்றியபோது மிஞ்சிய பி.வி.சி. துண்டுகளை எடுத்துக்கொண்டு காலாண்டு விடுமுறையில் வேலையைத் தொடங்கினான். ஐந்தடிக் குழாய், மெல்லிய சுவர். நைலான் கயிற்றைக் கட்டி இழுத்தான். நடுவே சப்பென்று மடிந்து, வாழைத்தண்டு ஒடிந்தாற்போல் தொங்கிற்று.

திண்ணையிலிருந்து குரல் வந்தது. "குழாயில் தண்ணீர் வரும்டா, அம்பு வராது."

பல வாரங்களுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முழு வாக்கியம் அதுதான். மறுநாள் காலை, காப்பி குடித்த கையோடு, "அந்தக் குழாய் எந்த இடத்தில் மடிந்தது, கொண்டு வா பார்ப்போம்" என்றார்.

அவர் சொன்ன பாடம் எளிமையானது. வில் வளையும்போது வெளிப்புறம் இழுபடுகிறது, உட்புறம் நசுங்குகிறது. இரண்டையும் தாங்குவதுதான் வில். 1545ஆம் ஆண்டில் மூழ்கி 1982ஆம் ஆண்டில் வெளியே எடுக்கப்பட்ட 'மேரி ரோஸ்' என்ற ஆங்கிலேயக் கப்பலில் நூற்றுக்கு மேற்பட்ட யூ மர விற்கள் கிடைத்தன. அம்மரத்தின் வெளிவெள்ளை இழுவையைத் தாங்கும். உள்வைரம் நசுக்கலைத் தாங்கும். ஒரே கட்டையில் இரண்டும் அமைந்திருப்பதால்தான் அந்நாட்டார் அதைத் தேடினர். இதைப் பையன் படித்துக் காட்டியபோது தாத்தா தலையசைத்தார். வைரமும் வெள்ளையும் அவருக்குப் புதிய செய்தியா! குழாய்க்கு வைரம் ஏது என்பதே அவர் கேள்வி.

விடை கண்ணாடி இழைக் கம்பியில் கிடைத்தது. கண்ணாடி இழை இழுவைக்கு மிக உறுதியானது. வளைத்து விட்டால் நிமிரும். சுவர் தடித்த முக்கால் அங்குலக் குழாயை வாங்கி, அதனுள் இரண்டு கம்பிகளைச் செருகுவது என்று முடிவாயிற்று. அதற்குமுன் குழாயைச் சூடாக்கித் தட்டையாக்க வேண்டும். நடுவில் பிடிக்குமிடம் உருண்டையாகவே இருக்கும்; நுனியை நோக்கிப் போகப் போகத் தட்டை. பி.வி.சி. ஏறத்தாழ 80 பாகை வெப்பத்தில் இளகும்; ஆறினால் அமர்ந்த வடிவிலேயே நிற்கும். முயன்று பார்க்க எண்ணும் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தீயில் கருகவிட்டால் தொண்டையை அறுக்கும் அமிலப் புகை எழும். சமையலறையில் ஒருமுறை அப்படி எழுந்து, அன்று குழம்பு வைக்க முடியாமற்போயிற்று. அதன்பின் எல்லாம் முற்றத்தில்தான்.

இரண்டு பலகைகளுக்கிடையே இளகிய குழாயை வைத்து அழுத்தினோம். நாணுக்கு நைலான் ஆகாது, இழுக்க இழுக்க நீளும். பாலியெஸ்டர் நூலைப் பல புரியாக முறுக்கித் தேன்மெழுகு தடவினோம். பிறகு தாத்தா சுவரில் சுண்ணக்கட்டியால் கோடுகள் போடச் சொன்னார். வில்லை ஆணியில் மாட்டி, நாணைக் கயிற்றால் கீழே இழுத்தான் பையன். அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "கீழ்க்கைக்குப் பிடிவாதம். மேல்கை மட்டும் பணிகிறது. கீழ்க்கையை இன்னும் தட்டையாக்கு." மூன்று நாட்கள் இப்படி நடந்தது. கொக்கித் தராசில் இழுத்தால் முள் 14 கிலோவைக் காட்டிற்று. பையனுக்கு அது மிகுதி. ஒரு கம்பியை உருவியதும் 9 கிலோவுக்கு இறங்கிற்று. அம்புகளை மட்டும் மூங்கிலில் செய்தார்கள். அதில் தாத்தா விட்டுக்கொடுக்கவில்லை. நுனியில் ரப்பர்க் குமிழ். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் வில் தயாராயிற்று.

2025ஆம் ஆண்டு ஜனவரியில், செபஸ்தியார் திருநாளுக்கு இரண்டு நாட்களுக்கு முன், அது நேர்ந்தது. கொல்லைச் சுவரில் வைக்கோல் மூட்டைகளை அடுக்கி இலக்கு வைத்திருந்தோம். வழக்கம்போல் தாத்தா நாற்காலியிலிருந்து "விடு" என்றார். பையன் விட்டான். துணி எடுக்க வலப்புறமிருந்து ஓடிவந்த எங்கள் ஏழு வயது இளையவளின் காதோரச் சடையை உரசிக்கொண்டு அம்பு சுவரில் மோதிற்று. ரப்பர் நுனிதான். ஆயினும் இரண்டு அங்குலம் இப்பால் பட்டிருந்தால் கண் என்னவாகியிருக்கும் என்று எண்ணவே எங்களுக்குத் துணிவில்லை.

பையனை எங்கள் வாய்க்கு வந்தபடி ஏசினோம். தாத்தா எழுந்து நின்றார். "அவனை வையாதீர்கள். நான்தான் விடச் சொன்னேன். பிள்ளை வந்ததை நான் பார்க்கவில்லை." பின்பு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். எங்களுள் ஒருவர் வில்லை உடைத்தெறியச் சொன்னார். மற்றவர் பீரோவில் வைத்துப் பூட்டினார். அன்றிரவு எங்களுக்குள்ளும் சண்டைதான்.

திருநாளன்று கோயிலில் செபஸ்தியாரின் சுரூபத்தை இளையவள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, அம்பு பட்டுத்தான் இவர் செத்தாரா?" என்று கேட்டாள். இல்லை, அம்புக் காயங்களோடு கிடந்தவரை இரேனம்மாள் என்னும் கைம்பெண் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பேணினாள், பிழைத்தார், பிற்பாடு அடித்துக் கொன்றார்கள் என்று மரபில் உள்ளதைச் சொன்னோம். அவள் திருப்தியடைந்தாள். அருகில் நின்ற தாத்தா சுரூபத்தைப் பார்க்கவேயில்லை.

அவர் மீண்டும் மௌனமாகிவிட்டார். இம்முறை எங்களுக்கு அச்சமாயிருந்தது. அவர் பார்க்கவில்லை என்று சொன்னது மனத்தில் உறுத்திக்கொண்டேயிருக்க, மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். பக்கவாதம் கையை மட்டுமன்று, இரு கண்களிலும் பார்வைப் புலத்தின் வலப்பாதியையும் எடுத்துக்கொண்டிருந்தது. நான்காண்டுகளாகத் தட்டின் வலப்புறம் இருந்த கூட்டை அவர் தொடாமல் எழுந்தபோதெல்லாம் பசியில்லை போலும் என்று எண்ணியிருந்தவர்கள் நாங்கள். அதை இங்கே எழுதவும் வெட்கமாயிருக்கிறது.

தபசு காலம் முழுவதும் வில் பூட்டியே கிடந்தது. உயிர்ப்புத் திருநாளுக்குப் பின் பையனே ஒரு யோசனை சொன்னான். தாத்தாவின் நாற்காலியைக் கொல்லையின் வலக்கோடியில், வேலியோடு ஒட்டிப் போட்டால் முழு வெளியும் அவருக்கு இடப்புறம் அமையும். போட்டுப் பார்த்தோம். இளையவளை அங்குமிங்கும் ஓடவிட்டுச் சோதித்தோம். எங்கே நின்றாலும் கண்டுகொண்டார். இலக்கின் இருபக்கமும் கயிறு கட்டினோம். கயிற்றுக்குள் ஒரு கோழி நுழைந்தாலும் அம்பை நாணில் வைக்கலாகாது.

அந்த வில் இப்போது இல்லை. மே மாதத்தில் ஒருநாள் நாணை அவிழ்க்காமல் மொட்டை மாடியில் மறந்துவிட்டான்; வெயிலில் இளகிப் புடலங்காயாய் வளைந்தது, பிறகு நிமிரவில்லை. கம்பியை மட்டும் உருவி வேறொன்று செய்தான். பயிற்சி முடிந்ததும் நாணை அவிழ்த்து, கொட்டகையில் இழைப்புளிக்குப் பக்கத்து ஆணியில் நிழலாக மாட்டுகிறான்.

"நிறுத்து! பூனை!" என்று வலக்கோடியிலிருந்து வரும் அதட்டல் தெருவரைக்கும் கேட்கிறது. சென்ற வாரம் தாத்தா எங்களை அழைத்து, முற்றிய மூங்கிலாகப் பார்த்து ஆறடிக்கு ஒன்று வாங்கி வரச் சொன்னார்; நிழலில் உலர ஆறு மாதமாகுமாம். இழைப்பது பையன், பார்ப்பது தாம் என்கிறார். பையன் இன்னும் சம்மதிக்கவில்லை.