கல்வீட்டுச் சுவரில் ஒரு கிறுக்கல்

பெண்ணின் பிரசவத்துக்காக இங்கிலாந்து போயிருந்தேன். பேரன் எட்டாம் மாசமே அவசரப்பட்டுப் பிறந்துவிட்டான். பூனைக்குட்டி மாதிரி இருந்தான். உடம்பு தேறிய பிறகும் என் பெண்ணுக்குக் கவலை தீரவில்லை.

"அத்தை, ஒரு பழைய வீட்டைப் பார்த்துவிட்டு வருவோமா?" என்று மாப்பிள்ளை எங்களை அழைத்துப் போனார். கிரான்தம் என்ற ஊருக்குத் தெற்கே உல்ஸ்தார்ப் கிராமம். விஞ்ஞானி நியூட்டன் பிறந்த வீடு அங்கேதான். நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு அதைப் பராமரிக்கிறது.

'மேனர்' என்கிறார்களே, அரண்மனை மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை! பதினேழாம் நூற்றாண்டுப் பண்ணை வீடு. அந்த வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல்லால் எழுப்பிய கனமான சுவர்கள். ஜன்னல்களுக்கு நடுவே மெலிந்த கல்தூண்கள். திண்ணையும் கிடையாது, முற்றமும் கிடையாது. நாம் வெயிலுக்காகக் காற்றோட்டமாகக் கட்டுகிறோம். அவர்கள் குளிருக்காக அடைத்துக் கட்டியிருக்கிறார்கள். கணப்படுப்புதான் அந்த வீட்டுக்கு உயிர்.

மாடி அறை ஒன்றில், அந்நாளைய இங்கிலாந்துக் காலண்டர்படி 1642 டிசம்பர் 25-ம் தேதி, நியூட்டன் பிறந்தார். அதற்குச் சுமார் மூன்று மாதம் முன்புதான் தகப்பனார் காலமாகியிருந்தார். அதுவும் குறைப்பிரசவம்! ஒரு லிட்டர் சொம்புக்குள் அடங்கிவிடும் அளவுதான் குழந்தை இருந்ததாம். பிழைக்கும் என்று யாருமே நம்பவில்லையாம். அந்தப் பிள்ளைதான் 84 வயது வரை வாழ்ந்தது. இதைக் கேட்டதும் என் பெண் பேரனை மார்போடு இறுக்கிக்கொண்டாள். அவள் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு தெளிவு.

கீழே கூடத்துக்கு வந்தோம். 1920, 30-களில் அங்கே குடியிருந்தவர்கள் சுவரில் ஒட்டியிருந்த பழைய காகிதத்தை உரித்தபோது, அடியில் கீறல் படங்கள் தெரிந்தனவாம். 2017-ல் விசேஷ வெளிச்சம் பாய்ச்சி ஆராய்ந்ததில், கணப்படுப்பு அருகே காற்றாலைப் படம் ஒன்றும் அகப்பட்டது. சிறுவன் நியூட்டன் கீறியதாக இருக்கலாம் என்கிறார்கள். கிரான்தம் பக்கம் காற்றாலை கட்டுவதைப் பார்த்து, அதேபோல் சின்னதாக ஒன்று செய்த பிள்ளையாயிற்றே!

எனக்குச் சுருக்கென்றது. என் பெண் சின்னவளாக இருந்தபோது, வெள்ளையடித்த சுவரில் கரிக்கட்டியால் கிறுக்கினாள் என்று முதுகில் இரண்டு வைத்திருக்கிறேன். அவளுக்கு நினைவிருக்கிறதோ என்னவோ, எனக்கு இருக்கிறது.

ஊருக்குக் கிளம்பும்போது அவளிடம் சொன்னேன்: "இவன் எழுந்து நிற்கட்டும். அப்புறம் ஒரு சுவரை இவனுக்கென்றே விட்டுவிடு. சுண்ணாம்பு நான் வந்து அடித்துக்கொள்கிறேன்."