இல்லாததும் கைவிட்டதும்

1991 சூலையில் ரிசர்வ் வங்கி ஏறத்தாழ 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் ஈடு வைத்துக் கடன் பெற்றது. வளைகுடாப் போரில் எண்ணெய் விலை ஏறியிருந்தது. அந்நியச் செலாவணி இருப்போ சில வார இறக்குமதிக்கே போதுமான அளவுக்குக் கரைந்திருந்தது.

இன்றும் இந்திய இறக்குமதியில் முதலிடம் கச்சா எண்ணெய்க்கே. தேவையில் 85 விழுக்காட்டுக்கும் மேல் வெளியிலிருந்து வருகிறது. மாறியவர்கள் விற்போர் மட்டுமே. அமெரிக்கத் தடையால் 2019 மே மாதத்தோடு ஈரான் எண்ணெய் நின்றது. ஈராக்கும் சவுதி அரேபியாவும் முன்னணியில் இருந்தன. உக்ரைன் போருக்கு முன் 2 விழுக்காட்டளவே விற்றுவந்த ரஷ்யா, தள்ளுபடி விலையால் ஓரிரு ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை எட்டி முதலிடம் பிடித்தது.

சமையல் எண்ணெயின் வரலாறு வேறு. 1986இல் தொடங்கிய எண்ணெய்வித்துத் தொழில்நுட்ப இயக்கத்தால் 1990களின் தொடக்கத்தில் நாடு தன்னிறைவை நெருங்கியது. 1994இல் பாமாயில் இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்தது. பின்னர் சுங்கவரியும் குறைந்தது. மலிவான பாமாயிலோடு உள்ளூர் வித்துகளால் போட்டியிட இயலவில்லை. இன்று தேவையில் பாதிக்கும் மேல் இறக்குமதி. 2022 ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியபோது, ஏறக்குறைய மூன்றரை வாரத் தடையே இந்தியச் சமையலறைகளைக் கலங்கவைத்தது.

கச்சா எண்ணெய் நிலத்தடியில் போதிய அளவு இல்லாதது இயற்கையின் வரம்பு. கடலையும் கடுகும் விளையும் நாடு சமையல் எண்ணெய்க்குக் கையேந்துவதில் கொள்கைக்கும் பங்குண்டு. வணிகப் புள்ளிவிவரம் இரண்டையும் 'இறக்குமதி' என்ற ஒரே தலைப்பில் எழுதுகிறது. பிரித்துப் படிப்பது ஆய்வாளரின் கடமை.