மலையேறி வந்த பொங்கல்

மகாவலி கங்கை மூன்று புறமும் வளைந்தோட, தெற்கே ஹந்தானை மலைத்தொடர் அரணாக நிற்க, நடுவில் வாவியும் தலதா மாளிகையுமாகத் திகழும் கண்டி மாநகரை யாத்திரிகர் பெரும்பாலும் ஆடி, ஆவணியில் நிகழும் பெரஹரா உற்சவத்தைக் கொண்டே அறிவர். ஆயினும் தை முதல் நாள் விடியலில் இந்நகரையும் இதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களையும் கண்டவர்க்கே இவ்வூரின் மற்றொரு பாதி விளங்கும்.

தென்னாட்டுத் தொடர்பு கண்டிக்குப் புதிதன்று. 1739 முதல் 1815 வரை இங்கே அரசு புரிந்தோர் நாயக்க வம்சத்தினரே. எனினும் மலைச்சரிவில் பொங்கற் பானையை ஏற்றியவர்கள், 1820களில் கம்பளைப் பகுதியில் காப்பித் தோட்டங்கள் தோன்றிய காலந்தொட்டு, வறுமையாலும் கடனாலும் உந்தப்பட்டு, திருச்சி, சேலம், புதுக்கோட்டை முதலிய சீமைகளிலிருந்து ஆள்திரட்டும் கங்காணிமார் பின்னே தோணியேறி, மன்னார்க் கரையிலிறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் இரையானோர் போக எஞ்சி வந்த உழைப்பாளிகளே.

காப்பிப் பழம் பறித்து முடிந்ததும் பலர் ஊர் திரும்புவர். அவர்களுடைய பொங்கல் கிராமத்திலேயே காத்திருந்தது எனலாம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் நாளடைவில் காப்பியை அழித்தது. ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டியதாயிற்று; குடும்பங்கள் லயங்கள் எனும் வரிசைக் குடியிருப்புகளில் நிலைத்தன; பொங்கலும் மலையேறியது.

நெல் விளையும் ஒரு பாத்தியும் சொந்தமில்லாத ஜனங்கள், சம்பளத்தில் விலையைக் கழித்துத் தரப்பட்ட தோட்டத்து அரிசியைக் கொண்டு, அறுவடைக்கு நன்றி கூறும் விழாவைத் தலைமுறை தலைமுறையாக நடத்தி வந்ததை எண்ணுந்தோறும் நெஞ்சு நெகிழ்கிறது. லயத்து வாசலைச் சாணமிட்டு மெழுகி, கோலமிட்டு, மூன்று கல் கூட்டி, மஞ்சட்கொத்து சுற்றிய பானையில் பால் பொங்கி வழிகையில் பச்சரிசியும் வறுத்த பயறும் இட்டு, சர்க்கரையும் கஜுவும் சேர்த்து இறக்கி, பனியை விலக்கிக்கொண்டு கதிரவன் எழும் திசை நோக்கிப் படைக்கிறார்கள். மாரியம்மன் கோவில் முன்றிலில் பல லயத்தாரும் கூடிப் பொதுப் பொங்கல் இடுவதும் உண்டு. சித்திரைப் புத்தாண்டில் பால் பொங்கி வழிவதைச் சுபசகுனமாகக் கொண்டு, தேங்காய்ப்பாலிட்டுக் கிரிபத் எனும் பாற்சோறு சமைக்கும் சிங்கள அயலாருக்கு இப்பானை அந்நியமாகத் தோன்ற நியாயமில்லை.

1948இல் இம்மக்களின் பிரஜாவுரிமை பறிபோனபோதும், 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இரு அரசாங்கங்களும் அவர்களைக் கேளாமலே தீர்மானித்தபோதும் இவ்விழா ஓயவில்லை.

தை மாதத்தில் கண்டிக்கு வருவோர் கட்டுக்கலை செல்வ விநாயகர் ஆலயத்தைத் தரிசித்தபின் ஹந்தானைச் சாலையில் ஏறிச் செல்லட்டும். 1925இல் எழுந்த பழைய தேயிலை ஆலை அங்கே அருங்காட்சியகமாக இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல் லயங்களையும் காண வேண்டும். 2023இல் முன்னோர் வந்த வழியைப் பின்பற்றித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைப்பயணம் நிகழ்ந்தது. அதில் நடந்தோர் கேட்டவற்றுள் காணியுரிமையும் வீட்டுரிமையும் முக்கியமானவை. பொங்கலிடும் அந்த வாசல் இன்னும் பலருக்குச் சொந்தமாகவில்லை.