பெயர்கள் கேள்விக்குறிகளான கதை

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – கணிப்பொறி அறிவியல்)

கணிப்பொறித் திரையில் எழும் சிறு பெட்டிக்கு ‘டயலாக்’ என்று பெயர் வைத்தவர் நல்ல உள்ளம் படைத்தவராகத்தான் இருக்க வேண்டும். உரையாடல் என்பது அதன் பொருள். பெயர் என்ன, துறை என்ன, எந்தப் புத்தகம் வேண்டும் என்று பெட்டி கேட்கும். நாம் சொல்வோம். ‘சரி’ என்ற பொத்தானை அழுத்தினால் பேச்சு முடிந்தது. ஆனால் உரையாடல் என்றால் ஒருவர் சொல்வதை மற்றவர் சொன்னபடியே கேட்டுக்கொள்ள வேண்டுமே! நாம் ஒன்று சொல்ல, அது வேறொன்றை எழுதிக்கொண்டால் அதற்கு என்ன பெயர் வைப்பது? நம் துறை நூலகத்தில் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அதுதான் நடந்தது.

நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்க ஒரு நிரல் இருப்பதை நண்பர்கள் அறிவார்கள். நமக்கு முன்னே படித்துச் சென்ற அண்ணன்மார் சிலர் இறுதியாண்டுத் திட்டப்பணியாக எழுதிக் கொடுத்தது. சி++ மொழியில், விண்டோஸுக்கு உரிய எம்.எஃப்.சி. என்னும் தொகுப்பைக் கொண்டு செய்யப்பட்டது. நல்ல நிரல். படித்து முடித்துப் போகிற அவசரத்திலும் நூலகத்துக்கு ஒன்றைச் செய்து வைத்துவிட்டுப் போனவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆய்வகத்தில் அந்த நிரலை ஓட்டி, ‘செல்வி’ என்று எழுதிச் சேமித்தால், திரும்ப அழைக்கும்போது செல்வியே வருவாள். நூலகக் கணிப்பொறியில் அதே பெயரை எழுதிச் சேமித்தால் பட்டியலில் வந்து நிற்பவை ஆறு கேள்விக்குறிகள். அது மட்டுமா? துறையைத் தேர்ந்தெடுக்க ஒரு காம்போ பெட்டி உண்டு. அதன் அம்புக்குறியை அழுத்தினால் ஆய்வகத்தில் துறைகள் எல்லாம் வரிசையாக இறங்கும். நூலகத்தில் ஒரு மெல்லிய கோடு மட்டும் தோன்றும். துறை ஒன்றும் இறங்காது. பொத்தான்களும் விண்டோஸ் 95 காலத்துச் சாம்பல் நிறத்தில் கட்டை கட்டையாக இருக்கும்.

இவற்றை எல்லாம் பார்த்தவர்கள் சொன்ன தீர்ப்பு ஒன்றே: “பொறி பழசு.” உண்மைதான், நூலகத்தில் இருப்பது விண்டோஸ் 7. அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 சனவரியிலேயே நிறுத்திவிட்டது. பழைய வீட்டில் எது உடைந்தாலும் வீட்டின் வயதைச் சொல்லிவிடுவது எளிது அல்லவா? யாரோ நான்கைந்து தமிழ் எழுத்துருக்களைக் கொண்டு வந்து நிறுவிப் பார்த்தார்கள். கேள்விக்குறிகள் இன்னும் அழகாகத் தெரிந்தன, அவ்வளவுதான்.

பிறகு ஒரு யோசனை வந்தது. எல்லாரும் இனிமேல் பெயரை ஆங்கிலத்தில் எழுதிவிட்டால் என்ன? கேட்பதற்கு எளிய யோசனை. ஆனால் நம் கல்லூரியில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். ‘தமிழ்ச்செல்வி’ என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ழகரத்துக்கு ஒருவர் ஓர் எழுத்து இடுவார், மற்றொருவர் இரண்டு இடுவார். நடுவே ச் வரும், வராது. அந்த யோசனைப்படி சில மாதம் நடந்ததில், முந்தைய ஆண்டு மாணவி ஒருவருடைய கணக்கு இரண்டு எழுத்துக்கூட்டலில் இரண்டு ஆளாகப் பிரிந்துவிட்டது. எடுத்த புத்தகம் ஒரு கணக்கில், திருப்பிய புத்தகம் இன்னொரு கணக்கில். நிலுவை இல்லை என்ற சான்று கிடைக்காமல், மாற்றுச் சான்றிதழ் வாங்க முடியாமல், கல்வியியல் கல்லூரிச் சேர்க்கை நாள் நெருங்க நெருங்க அவர் நூலக வாசலில் நின்ற கோலத்தை நான் பார்த்தேன். புத்தகத்தைத் திருப்பித் தந்தவர் அவர். ஆனால் பொறி நம்பவில்லை.

நூலக உதவியாளரை நாங்கள் அனைவரும் அண்ணாச்சி என்றே அழைப்போம். அவர் ஒரு நாள் என்னிடம் கேட்டார்: “தம்பி, கம்ப்யூட்டருக்குத் தமிழ் ஆகாதுன்னு சொல்லுதாங்களே, மெய்தானா?”

“இல்லை அண்ணாச்சி, அப்படி இருக்காது” என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, சொன்னதை மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பும் அன்றே என் தலைமேல் ஏறிவிட்டது.

நோயாளியின் நாக்கைப் பார்த்தே நோயை ஊகிக்கும் மருத்துவர் உண்டு. திரையில் கெட்டுப்போன தமிழுக்கும் அத்தகைய அடையாளங்கள் உள்ளன. எழுத்துக்குப் பதில் வெற்றுக் கட்டங்கள் வந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். எழுத்து பத்திரமாக இருக்கிறது, வரைந்து காட்டத்தான் ஆள் இல்லை. தலையில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக வந்தால், ஒரு குறிமுறையில் எழுதியதை வேறு குறிமுறையில் படிக்கிறார்கள் என்று பொருள். அப்போதும் எழுத்து சாகவில்லை. கேள்விக்குறி வந்தால் மட்டும் கவலைப்பட வேண்டும். யாரோ ஓர் எழுத்தைத் தன் பட்டியலில் தேடி, அது இல்லாமல் போகவே, அதைத் தூக்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியை நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆகவே எழுத்துருக்களை நிறுவியது தலைவலிக்குச் செருப்பு மாற்றிய கதைதான்.

எனக்கு வழிகாட்டியது அந்தக் கேள்விக்குறிகளின் எண்ணிக்கை. செல்வி என்பதில் எழுத்து மூன்று, குறிகளோ ஆறு. ‘கமலா’ என்று இட்டுப் பார்த்தேன். அதிலும் எழுத்து மூன்று, குறிகள் நான்கு. யூனிகோடில் செ என்பது சகரமும் எகரக் குறியும். ல் என்பது லகரமும் புள்ளியும். வி என்பது வகரமும் இகரக் குறியும். ஆக ஆறு. கமலாவில் க, ம, ல, துணைக்கால். ஆக நான்கு. கணக்கு மிகச் சரியாக இருந்தது. அப்படியானால் பழைய பொறி தமிழை ஒழுங்காகவே வாங்கியிருக்கிறது. விண்டோஸ் அதை ஒவ்வொரு குறியாகச் சுமந்து நிரலின் வாசல் வரை கொண்டு வந்திருக்கிறது. வாசலில்தான் கொலை நடந்திருக்கிறது.

இந்த வாசலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விண்டோஸில் சொற்களைக் கையாளும் பணிகள் பெரும்பாலும் இரட்டைப் பிள்ளைகள். டயலாக் பெட்டியில் எழுதியதை எடுத்துத் தரும் பணிக்கு ஒரே பெயர்தான் என்று நாம் எண்ணுகிறோம். உள்ளே அதற்கு ‘ஏ’ என்று முடியும் ஒரு பிள்ளை, ‘டபிள்யூ’ என்று முடியும் ஒரு பிள்ளை என இருவர். மூத்தவர் பழைய முறைக்காரர். அவர் கையில் 256 இடங்கள் கொண்ட பட்டியல். ஆங்கிலம் அமைந்த நம் பொறிகளில் அது மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பட்டியல். இளையவர் யூனிகோடுக்காரர், அவரிடம் 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் தமிழுக்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளன. 1993-இல் வந்த விண்டோஸ் என்.டி. யூனிகோடை அடிப்படையாகக் கொண்டது. பழைய நிரல்களும் அதில் ஓட வேண்டுமே என்று இந்த இரட்டை ஏற்பாடு. தமிழுக்கோ மூத்தவர் பட்டியலில் இடமே கிடையாது. 2000ஆம் ஆண்டின் விண்டோஸ் 2000-இல் தமிழ் நுழைந்தபோது யூனிகோடு வழியாகவே நுழைந்தது.

“பழைய நிரல்களில் பாமினி எழுத்துருவை வைத்துத் தமிழ் அடித்தோமே?” என்று எங்கள் பேராசிரியர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அங்கே பொறிக்குள் இருந்தது தமிழன்று, ஆங்கில எழுத்துகள். அவற்றின்மேல் தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருந்தது. எழுத்துருவை மாற்றினால் வேடம் கலைந்துவிடும்.

இரட்டையரில் யாரை அழைப்பது என்பதை நிரலில் எழுதும் வரிகள் முடிவு செய்வதில்லை. நிரலைக் கட்டும்போது விஷுவல் ஸ்டுடியோவில் ‘கேரக்டர் செட்’ என்று ஓர் அமைப்பு உண்டு. அதில் ‘யூனிகோடு’ என்று இருந்தால் இளையவர் வருவார். ‘மல்டி பைட்’ என்று இருந்தால் மூத்தவர் வருவார். மல்டி பைட் என்ற பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. பல பைட் என்றால் பல மொழிகளும் அடங்கும் போலத் தோன்றும். சீனம், சப்பானியம், கொரியம் போன்றவற்றை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு அது.

மூல நிரலைத் திறந்து பார்த்தேன். அமைப்பு ‘யூனிகோடு’ என்றே இருந்தது! ஒரு நாள் முழுதும் திகைத்தேன். மறுநாள் பேராசிரியர், “நூலகத்தில் ஓடுகிற அதே கோப்பை எடுத்து வந்து ஆய்வகப் பொறியில் ஓட்டிப் பார்” என்றார். ஓட்டினேன். புத்தம் புதிய பொறியில், புதிய விண்டோஸில், ஆறு கேள்விக்குறிகள். கட்டைப் பொத்தான்கள். திறக்காத காம்போ. நூலகத்துப் பழம்பொறி அன்று குற்றத்திலிருந்து விடுதலை ஆயிற்று.

நண்பர்களே, ஒரே நிரலை ‘டீபக்’, ‘ரிலீஸ்’ என்று இரண்டு விதமாகக் கட்டலாம். முதலாவது பிழை தேடுவதற்கு. அதற்கு வேண்டிய துணைக் கோப்புகள் நிரல் எழுதும் கருவிகள் உள்ள பொறியில்தான் இருக்கும். இரண்டாவது பிறருக்குக் கொடுப்பதற்கு. நம் ஆய்வகத்தில் ஓடியது டீபக். நூலகத்துக்குப் போனது ரிலீஸ். இரண்டுக்கும் அமைப்புகள் தனித்தனி. அமைப்புகளைக் கேட்கும் அந்தப் பெட்டியும் ஒரு டயலாக்தான். அதன் தலையில் யார் கண்ணிலும் படாதபடி ஒரு சிறு காம்போ இருக்கிறது. திறக்கும்போது அது நடப்பில் உள்ள டீபக்கைத்தான் காட்டும். அதை ரிலீஸ் என்று மாற்றினேன். கீழே ‘மல்டி பைட்’ என்று வந்தது.

இவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தொகுப்பான் ஏன் ஒரு சொல்லாலும் எச்சரிக்கவில்லை? நிரல் எழுதியவர்கள் பாடநூலில் உள்ளபடி, ஒவ்வொரு சொல்லையும் ‘டி’ என்னும் மேக்ரோவுக்குள் பொதிந்து எழுதியிருந்தார்கள். இரண்டு முறைக்கும் பொருந்துவதற்காகவே அமைந்த மேக்ரோ அது. பொருந்திவிட்டது! சற்று ஒழுங்கு குறைவாக எழுதியிருந்தால் ஏதேனும் ஓரிடத்தில் பிழை காட்டி நின்றிருக்கும். ஒழுங்கே மறைப்பாகப் போனதை நான் வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் கண்டதில்லை.

காம்போவும் பொத்தானும் என்ன பாவம் செய்தன என்று கேட்கலாம். எனக்கும் அது தனி நோய் என்றே தோன்றியது. எம்.எஃப்.சி. நிரலைத் தொடங்கும்போது கருவி தானே எழுதித் தரும் தலைப்புக் கோப்பைப் படித்தேன். புதிய பாணிக் கட்டுப்பாடுகள், அதாவது ‘காமன் கன்ட்ரோல்ஸ்’ ஆறாம் பதிப்பு வேண்டும் என்று விண்டோஸிடம் கேட்கும் வரி அதில் இருக்கிறது. அந்த வரிக்கு ஒரு நிபந்தனை: யூனிகோடாகக் கட்டினால் மட்டும். மல்டி பைட் என்றதும் அந்த வேண்டுகோளே எழவில்லை. விண்டோஸ் பழைய கட்டுப்பாடுகளைக் கொடுத்தது. பழைய காம்போ, பட்டியல் எவ்வளவு தூரம் இறங்க வேண்டும் என்பதைப் பெட்டியை வரைந்தபோது தந்த உயரத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். வரைந்தவர் ஒற்றை வரி உயரமே தந்திருந்தார். இறங்க இடம் இல்லை. ஆறாம் பதிப்போ அந்த உயரத்தைப் பொருட்படுத்தாமல் முப்பது வரி வரை தானே இறக்கிக் காட்டும். மூன்று நோய்க்கும் வேர் ஒன்றே.

ரிலீஸில் யூனிகோடு என்று மாற்றி, முழுவதையும் புதிதாகக் கட்டினேன். காம்போவின் உயரத்தையும் நீட்டி வைத்தேன். இனி எந்தப் பதிப்பு வந்தாலும் இறங்கும். அன்று மாலை நூலகத்தில், அந்தப் பழைய விண்டோஸ் 7-இலேயே, செல்வி செல்வியாக வந்தாள். அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை. தம் பெயரைத் தட்டிப் பார்த்தார். தம் பேத்தியின் பெயரைத் தட்டிப் பார்த்தார்.

ஆனால் போனவை போனவைதாம். கேள்விக்குறியின் எண் 63. சகரமானாலும் லகரமானாலும் புள்ளியானாலும் கோப்பில் எழுதப்பட்டது 63 ஒன்றே. அதிலிருந்து எது யாருடைய பெயர் என்று எந்த அறிவாளியாலும் மீட்க முடியாது. நல்லவேளையாக, பொறியை முழுதும் நம்பாத அண்ணாச்சி, தம் நீள நோட்டில் எல்லாவற்றையும் கையால் எழுதி வைத்திருந்தார். அந்த நோட்டைக் கொண்டு நாங்கள் நால்வர் மூன்று மாலைகளில் எல்லாப் பெயர்களையும் திரும்ப ஏற்றினோம். ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரிந்து கிடந்த கணக்குகளும் ஒன்றாயின. பழைய தேதிகளையும் புத்தக எண்களையும் கொண்டுவர ஒரு சிறு மாற்று நிரல் எழுத வேண்டியிருந்தது. ஒற்றை பைட்டில் எழுதிய கோப்பைப் புதிய நிரல் இரண்டிரண்டாகப் படித்து, சீன எழுத்துகள் போன்றவற்றைக் காட்டி எங்களைச் சிரிக்க வைத்தது.

எல்லாம் முடிந்தது என்று எண்ணினோம். பெயர்ப் பட்டியலை வரிசைப்படுத்திக் காட்டியதும் அண்ணாச்சி முதல் பக்கத்திலேயே விரலை வைத்துவிட்டார்.

“கமலாவுக்கு முந்தி கனகா எப்படிடே வந்தா?”

யூனிகோடில் னகரத்தின் எண் 2985. மகரத்தின் எண் 2990. நம் நெடுங்கணக்கில் னகரம் கடைசி மெய். அங்கோ அது நகரத்துக்கு அடுத்த வீட்டில் குடியிருக்கிறது. எண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் நிரலுக்குக் கனகா முந்தியவளே. றகரத்துக்கும் இதே நிலை. அண்ணாச்சியின் நோட்டில் உள்ள வரிசையே நிரலிலும் வர வேண்டும் என்று இப்போது ஒப்பிடும் பகுதியைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறோம்.