நிற்க இடம் இருந்தது

விங் சுன் குங்ஃபூவில் முதலில் கற்றுத்தரும் வரிசைக்குப் பெயர் சியூ நிம் தாவ். அதைச் செய்ய மைதானம் வேண்டாம், விரிப்பு வேண்டாம், எதிரே ஆளும் வேண்டாம். கால்விரல்களும் முழங்கால்களும் சற்று உள்நோக்கி இருக்கும்படி ஓரிடத்தில் நின்றுவிட்டால், முடியும்வரை அங்கிருந்து ஓர் அடிகூட நகர்வதில்லை. வேலையெல்லாம் கைகளுக்குத்தான். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே இருக்கிற சந்து போதும். நிதானமாகச் செய்தாலும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் இருக்கிறது. ஈப்போவை விட்டு ஜொகூர் பாருவுக்குக் குடிவந்த பிறகு என் பயிற்சி நின்றுபோனது. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் மூன்று பதில் வைத்திருந்தேன்: இடமில்லை, நேரமில்லை, கூடப் பயில ஆளில்லை. இந்த மூன்றில் ஒன்றுகூட சியூ நிம் தாவுக்குப் பொருந்தாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

ஈப்போவில், பழைய நகரப் பக்கம், ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் பயின்றேன். பலகைத் தரை. படியேறியதும் முன்னோர்களின் படங்கள் வைத்த மாடம். ஊதுபத்தி ஏற்றி மூன்று முறை தலைவணங்கிவிட்டுத்தான் சட்டை மாற்றுவோம். சிஃபு என்று நாங்கள் அழைத்த ஆசிரியர் காண்டனீஸ்காரர், எங்களோடு மலாயில் பேசுவார். தமிழ்ப் பையன்கள் மூன்று நான்கு பேர் இருந்தோம். எனக்கு மூத்தவர் ஒருவர், லாரி கம்பெனியில் வேலை பார்த்த தமிழர், எனக்கு சீஹிங். சீன முறைப்படி அண்ணன் முறை. நான் அவரைத் தமிழிலேயே அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

அந்த நாட்களில் என்னைச் சோம்பேறி என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மழை பெய்தாலும் போவேன். மற்றவர்கள் ஓய்ந்த பிறகும் மரப்பொம்மையிடம் நிற்பேன். ஹாங்காங்கில் விங் சுன் கற்பித்த இப் மேன் என்பவரின் வழியில் அந்தப் பொம்மையில் செய்வது 116 அசைவுகள். அவற்றில் முதல் பகுதிகளை சிஃபு எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். மரக்கைகள் பொந்துக்குள் ஆடும் சத்தம் கீழே தெருவரை கேட்கும். அது கேட்க வேண்டும் என்று நான் விரும்பினேன் என்பது அப்போது எனக்கே புரியவில்லை.

இப்போது யோசித்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. அத்தனை வருடத்தில் வீட்டில் தனியாக நான் பயிற்சி செய்ததே இல்லை. சிஃபு ஒரு மூலையில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருப்பார். வேறெங்கோ பார்ப்பது போலிருக்கும். என் முழங்கை மையக்கோட்டிலிருந்து இரண்டு விரல் அகலம் விலகினால் அங்கிருந்தே குரல் வரும். அந்தக் கண்ணுக்காகத்தான் வியர்வை சிந்தினேன். யாரும் பார்க்காத இடத்தில் வியர்வை சிந்த எனக்குக் காரணமே இருக்கவில்லை.

சியூ நிம் தாவின் முதல் பகுதியில் ஒரு கட்டம் வரும். மணிக்கட்டை வளைத்து, முழங்கையை உள்ளடக்கி, கையை மிக மிக மெதுவாக முன்னே கொண்டுபோய் மறுபடி மெதுவாக உள்ளிழுப்பது. இப்படி மூன்று முறை. புத்தரை மூன்று முறை வணங்குவது என்று அதற்குப் பெயரே உண்டு. பார்க்கிறவனுக்கு அதில் ஒன்றும் இல்லை. கை நகர்வதே தெரியாது. ஆனால் முழங்கை தன் இடத்தைக் கண்டுபிடிப்பதும், தோள் தளர்ந்து இறங்குவதும், மொத்தத்தில் விங் சுன்னின் அடித்தளம் அமைவதும் அங்கேதான். ஈப்போவிலேயே அந்தக் கட்டத்தை நான் அவசரமாகக் கடப்பேன். சிஃபு திரும்ப முதலிலிருந்து செய்யச் சொல்வார். குறை அன்றே வெளியே தெரிந்தது. ஊர் மாறியதால் வந்ததல்ல அது.

ஜொகூர் பாருவுக்கு வந்தது சிங்கப்பூர் சம்பளத்துக்காக. அந்த வாழ்க்கை எப்படி என்பதை வாழ்ந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். விடியற்காலை நான்கு மணிக்கு எழ வேண்டும். ஐந்துக்குள் மோட்டார் சைக்கிள் வரிசையில் போய் நிற்க வேண்டும். சிங்கப்பூருக்குப் போகும் காஸ்வேயின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுதான் அதிகம், ஆனால் சோதனைச் சாவடிகளில் புகையைக் குடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்க நேரும் என்று சொல்லவே முடியாது. மாலையில் அதே வரிசை, எதிர்ப்பக்கமாக. மழைக்கோட்டுக்குள் வேர்த்து, வெளியே நனைந்து, வீடு வந்து சேரும்போது எதுவும் பேசத் தோன்றாது. அந்தக் களைப்பு பொய்யில்லை. குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் குளித்துச் சாப்பிட்ட பிறகு, தூங்குவதற்கு முன் ஒரு மணி நேரமாவது படுத்தபடி கைப்பேசி பார்ப்பேன். பார்த்தது பெரும்பாலும் விங் சுன் காணொளிகள்தான். இப் மேன் 1972இல், காலமாவதற்குச் சிறிது காலம் முன்பு, தன் வீட்டில் செய்து காட்டியதைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். தொண்டைப் புற்றுநோயோடு இருந்தவர். உடம்பு ஒடுங்கிப் போயிருந்தது. எழுபத்தொன்பது வயதில், தனக்குப் பிறகு மாணவர்கள் பார்த்துத் திருத்திக்கொள்ளட்டும் என்று சியூ நிம் தாவைச் செய்கிறார், அடுத்த வரிசையான சும் கியூவைச் செய்கிறார், மரப்பொம்மையிடம் நிற்கிறார். அதை எத்தனையோ இரவுகள் பார்த்திருக்கிறேன், தலையணையில் சாய்ந்துகொண்டு. அந்த நேரத்தில் எழுந்து நின்றிருந்தால் ஒரு முறை செய்து முடித்திருக்கலாம். பார்த்ததையே செய்ததாக மனம் கணக்கெழுதிக்கொண்டது. ‘இன்றைக்கும் குங்ஃபூவை விடவில்லை’ என்ற திருப்தியோடு தூங்கிப்போவேன்.

குடிவந்த புதிதில் சுவரில் மாட்டிக் குத்தும் பை ஒன்று வாங்கினேன். மூன்று அறைகள் கொண்ட தடித்த கித்தான் பை. தொடக்கத்தில் அதில் பச்சைப் பயறு நிரப்பி, கை பழகிய பிறகு மணலுக்கு மாற்றுவது எங்கள் சிஃபுவின் வழக்கம். மளிகைக் கடையில் பயறு வாங்கி நிரப்பி, வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு சுவரில் துளையிட்டு மாட்டினேன். சில வாரம் அடித்தேன். பிறகு அதன்மேல் துண்டு காயப்போட்டேன். ஒருநாள் காலை பைக்குக் கீழே தரையில் வெளிறிய மாவு சிந்திக் கிடந்தது. துடைத்தேன், மறுநாளும் சிந்தியிருந்தது. அவிழ்த்துப் பார்த்தால் பயறெல்லாம் துளை, உள்ளே வண்டு. ஒழுங்காக அடித்திருந்தால் அந்தப் பயறு எப்போதோ நொறுங்கிப்போய், நானே கொட்டிவிட்டு வேறு நிரப்பியிருப்பேன். பையோடு தூக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். சுவரில் துளைகள் மட்டும் இன்னும் இருக்கின்றன.

இதையெல்லாம் சோம்பல் என்று சொல்லித் தப்பிவிடலாம். அடுத்துச் சொல்லப்போவதைச் சோம்பல் என்று சொல்ல முடியாது.

2008இல் வந்த ‘இப் மேன்’ படத்துக்குப் பிறகு விங் சுன் என்றால் எல்லோருக்கும் தெரியும். வேலையிடத்தில் எனக்கு அது தெரியும் என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். கம்பெனி விருந்தில் செய்து காட்டச் சொன்னார்கள். நெஞ்சுக்கு நேரே இரண்டு கைகளும் மாறி மாறிப் பாயும் அந்தத் தொடர் குத்தை வேகமாகக் குத்திக் காட்டினேன். கைதட்டினார்கள். அன்றிலிருந்து எனக்கு ‘மாஸ்டர்’ என்று பெயர். நான் மாஸ்டர் இல்லை, மூன்று கைவரிசைகளில் மூன்றாவதை ஆரம்பிக்கவே இல்லை என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. அந்தப் பெயரில் வருடக்கணக்காக வாழ்ந்தேன். தொடர் குத்து கலையில் பார்ப்பவர்களுக்குப் பிடிக்கும் பகுதி. அதற்கு ஆள் கூடினால் எனக்குச் சக்தி வந்துவிடும். புத்தருக்கான அந்த மூன்று வணக்கத்துக்கு வராது.

கீழ்மாடியில் ஒரு குடும்பம். அந்த வீட்டுப் பையனுக்குப் பதிமூன்று பதினான்கு வயதிருக்கும். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு ஒருநாள் மாலை கதவைத் தட்டினான். “அங்கிள், எனக்குக் கத்துக் குடுக்கிறீங்களா?” என்றான். கூச்சத்தோடு, செருப்பைக்கூடக் கழற்றாமல் வெளியிலேயே நின்றான். சிஃபுவின் அனுமதியில்லாமல் சொல்லிக்கொடுக்கக் கூடாது தம்பி, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அப்படி ஒரு மரபு இருப்பது உண்மைதான். ஆனால் நான் கேட்கவே இல்லை. அன்றிரவு கதவைச் சாத்திக்கொண்டு சும் கியூவைச் செய்து பார்த்தேன். மூன்றாவது பகுதியில் உதைத்து இறங்கி, இரண்டு கைகளையும் தாழ்த்தி முன்னேறும் இடம்வரை வந்தது. அதற்குமேல் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரியவில்லை. திரும்பத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தும் அதே இடத்தில் நின்றேன். பையனுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனால் இது வெளியே வந்துவிடும். அதனால்தான் அவனைத் திருப்பி அனுப்பினேன்.

ஆளில்லை என்று மற்றவர்களிடம் புலம்பும்போதெல்லாம் புரூஸ் லீ கதையை நானே எடுத்துச் சொல்வேன். ஆச்சரியமாக இருக்கிறது. 1959இல் பதினெட்டு வயதில் அவர் ஹாங்காங்கை விட்டு அமெரிக்கா போனார். போய்ச் சேர்ந்த சியாட்டிலில் விங் சுன் தெரிந்து, கை கோத்துப் பயில ஆளில்லை. தனக்குத் தெரிந்த அளவைப் பிறருக்குக் கற்றுக்கொடுத்து ஆட்களை உண்டாக்கிக்கொண்டார். ஜெஸ்ஸி குளோவர் என்ற ஜூடோக்காரர் அவருடைய முதல் மாணவர். புரூஸ் லீக்கும் முழுப் பாடம் முடிந்திருக்கவில்லை. 1963இல் ஊருக்குப் போனபோது மறுபடி இப் மேனைப் போய்ப் பார்த்தார். அந்த இப் மேனும் ஃபோஷானில் வீடு வாசலை விட்டு வந்தவர்தான். 1950இல் ஹாங்காங்கில் உணவகத் தொழிலாளர் சங்கத்தில் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியபோது வயது ஐம்பத்தாறு. இந்தக் கலையே ஊர் மாறியவர்களின் கை வழியாகத்தான் என்வரை வந்திருக்கிறது. இதையெல்லாம் வாயால் சொல்லத் தெரிந்த நான், வாசலில் வந்து நின்றவனை அனுப்பிவிட்டேன்.

ஜொகூர் பாருவில் பள்ளி இல்லாமலில்லை. ஒன்றுக்குப் போய் உட்கார்ந்து பார்த்தேன். நடத்துபவர் மரியாதையாகப் பேசினார். வேறு வழியில் கற்றவர் என்றாலும் எங்களிடம் முதல் வரிசையிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். நியாயமான பேச்சு. அவர்கள் திரும்பும்போது உடல் எடையைக் காலில் வைக்கும் விதம் வேறு, எங்கள் சிஃபு சொன்னதற்கு மாறாகப் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அப்புறம் போகவில்லை. வித்தியாசம் இருந்தது உண்மை. இருபது வயதுப் பிள்ளைகளுக்குப் பின்னால் கடைசி வரிசையில் நிற்க மனம் வரவில்லை என்பது அதைவிட உண்மை.

சிஃபு விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு சீனப் புத்தாண்டுக்கும் அவருக்கு போன் செய்வேன். நலம் விசாரித்து முடித்ததும் தவறாமல் ஒன்று கேட்பார்: “ஹாரி ஹாரி அடா புவாட்?” தினமும் செய்கிறாயா என்று. “அடா, சிஃபு” என்பேன். சந்தோஷமாகச் சிரிப்பார். முதல் வருடம் நாக்கு கூசியது. அப்புறம் அதுவும் இல்லை.

ஈப்போவுக்குப் போகாமலும் இல்லை. தீபாவளிக்குப் போவேன், சில புத்தாண்டுகளுக்கும் போயிருக்கிறேன். ஆரஞ்சுப் பழப் பையோடு சிஃபுவின் கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன், வகுப்பு இல்லாத நாளாகப் பார்த்து. ஏனென்றால் வகுப்புக்குப் போனால் சீ சாவ் செய்ய வேண்டும். இரண்டு பேர் முன்கைகளை ஒட்டவைத்து, உருட்டிக்கொண்டே ஒருவர் அழுத்தத்தை மற்றவர் உணர்ந்து பதில் சொல்லும் பயிற்சி அது. வாயால் எதையும் சொல்லிவிடலாம், ஒட்டிய கையால் முடியாது. தொட்ட மாத்திரத்தில் தெரிந்துவிடும், தோள் இறுகியிருப்பதும் முழங்கை காலியாக இருப்பதும். ஒருமுறை கடையிலேயே, கல்லாவுக்குப் பக்கத்தில், பேசிக்கொண்டிருந்த சிஃபு விளையாட்டாகத் தன் மணிக்கட்டை என் முன் நீட்டினார். எழுபதைத் தாண்டிய கை. கை வலி சிஃபு, வண்டி ஓட்டி ஓட்டி, என்று என் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவர் கையைத் தாழ்த்திக்கொண்டு தைலம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். எனக்கு வலியே இல்லை. இத்தனை வருடத்தில் நான் செய்ததிலெல்லாம் மிக மோசமானது அதுதான் என்று நினைக்கிறேன். இந்தக் கலையை எனக்குக் கொடுத்த கை, எட்டித் தொட வந்தபோது விலகிக்கொண்டேன்.

இந்தக் கலைமேல் எனக்கு அன்பில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். இருக்கிறது. அதனால்தான் இதை எழுதும்போது நெஞ்சு இறுகுகிறது. அன்பிருந்தால் தானாகவே நடந்துவிடும் என்று நம்பியது என் பிழை. தினம் பத்து நிமிடம் யாருக்கும் தெரியாமல் நிற்கும் பழக்கம் தனி. அதை ஈப்போவில் இருந்தபோதே, சிஃபு பக்கத்தில் இருந்தபோதே, வீட்டில் வளர்த்திருக்க வேண்டும். ஊர் மாறப்போகிற இளையவர்கள் யாராவது இதைப் படித்தால், மூட்டை கட்டுவதற்கு முன்பே தனியாக நின்று பழகிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். போன இடத்தில் அது முளைக்காது.

இப்போது கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே நிற்கிறேன். தினமும் இல்லை. நிற்கிற நாட்களில் முதல் பகுதியை மட்டும் செய்கிறேன். தோள் ஏறிவிடுகிறது. முழங்கை வெளியே ஓடுகிறது. சொல்ல ஆளில்லாததால் கண்ணாடியைச் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். கீழ்வீட்டுப் பையனிடம் போய், தெரிந்தவரை சொல்லித்தருகிறேன், வருகிறாயா என்று கேட்டேன். அவன் டேக்வாண்டோவில் சேர்ந்து பெல்ட்டும் வாங்கிவிட்டான். “பரவால்ல அங்கிள்” என்றான்.

போன வாரம் சீஹிங்கை அழைத்தேன். “அண்ணே, சும் கியூ மூணாவது பகுதி மறந்துபோச்சு” என்றேன்.

எவ்வளவு நாளாக என்று கேட்டார். சொன்னேன். மறுமுனையில் லாரி ஒன்று பின்னால் வரும் சத்தம் கேட்டது, அது ஓயும்வரை பேசாமல் இருந்தார்.

“அது பெரிசில்ல தம்பி. ரெண்டு சாயங்காலம் வந்தியனா பிடிச்சிடலாம். ஆனா சிஃபுகிட்ட தெனமும் பண்றேன்னு சொல்லியிருக்க பாரு, அத நீயே போய்ச் சொல்லிக்க. நான் சொல்ல மாட்டேன்.”

சனிக்கிழமைக்கு பஸ் டிக்கெட் எடுத்திருக்கிறேன். சிஃபுவின் கடை மாலை ஆறு மணிவரை திறந்திருக்கும்.