நிற்காத சிவப்பு

சிவப்பு என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் நிறைய காரியம் பார்த்துவிடுகிறோம். கோவைப்பழமும் சிவப்பு, பீட்ரூட்டும் சிவப்பு. பேச்சுக்கு இது போதும். தட்டில் வர்ணம் கரைக்கிறவனுக்குப் போதாது. கோவைப்பழத்தின் சிவப்பில் மஞ்சள் ஒளிந்திருக்கிறது, பீட்ரூட்டின் சிவப்பில் நீலம். முதலாவதை உஷ்ணச் சிவப்பு என்றும் இரண்டாவதைக் குளிர்ந்த சிவப்பு என்றும் ஓவியம் கற்றவர்கள் சொல்வார்கள். நம்முடைய சடங்குச் சிவப்புகள், ஆலத்தி, காவி, கோயில் மதிலின் பட்டை, எல்லாம் மஞ்சள் பக்கம் சாய்ந்தவை. குளிர்ந்த சிவப்பு வேண்டுமானால் அரளிக்கும் பன்னீர் ரோஜாவுக்கும் போக வேண்டும். எனக்கு அது வாழைப்பூவில் கிடைத்தது.

நான் 31 வருஷம் டிராயிங் மாஸ்டராக இருந்தவன். பையன்களின் வர்ணப் பெட்டியில் கிரிம்சன் லேக் என்று ஒரு வில்லை இருக்கும். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் அதை நோட்டில் 'சிவப்பு ஏரி' என்று எழுதியிருந்தான். அரை மார்க் போட்டேன். அந்தப் பெயரின் பூர்வோத்திரம் எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. லேக் என்பது ஏரி இல்லை, லாக்ஷா, நம் அரக்கு. கிரிம்சன் என்பது அரபி வழியாகப் போன பாரசீகக் 'கிர்ம்', அதாவது நம் கிருமியின் சகோதரம். இரண்டுமே பூச்சிகளிடமிருந்து எடுத்த சாயங்களின் பெயர்கள். பையனுக்கு அரை மார்க் போட்ட மாஸ்டருக்குக் கால் மார்க்கூடத் தேறியிருக்காது.

1983இல் லண்டனிலிருந்து வந்த உறவினர் ஒருவர் விரல் நீளம்கூட இல்லாத ஒரு குழாயைக் கொடுத்தார். அலிசரின் கிரிம்சன். பிதுக்கினால் கறுப்பாக வந்தது, உறைந்த ரத்தம் போல. ஏமாற்றமாக இருந்தது. அரிசி மணி அளவு எடுத்துப் பீங்கான் தட்டில் வைத்து, நனைத்த பிரஷால் ஓரத்தைத் தொட்டதும்தான் அது தன்னைக் காட்டியது. கறுப்புக்கு அடியிலிருந்து சிவப்பு, சிவப்பின் விளிம்பில் ரோஜா, ரோஜாவின் விளிம்பில் தண்ணீர். ஒரே வர்ணம் இத்தனை படியிறங்கி நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூட வில்லையில் இந்த ஆழம் கிடையாது. அது முதல் தொடுதலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

கலக்கும் விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அல்ட்ராமரின் நீலத்தோடு உஷ்ணச் சிவப்பைச் சேர்த்தால் சேறுதான் வரும். அதில் ஒளிந்திருக்கும் மஞ்சள் காரியத்தைக் கெடுத்துவிடும். கிரிம்சனைச் சேர்த்தால் ஊதா, கலங்காத ஊதா. இரண்டையும் தட்டில் முழுக்கக் கலந்துவிடக் கூடாது. பாதி கலந்த நிலையில் காகிதத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஈரத்தில் அவை ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொள்ளும், சில இடங்களில் தவறவிடும். தவறவிட்ட இடங்கள்தான் எனக்குப் பிடிக்கும். விரிடியன் பச்சையோடு சேர்த்தால் கிட்டத்தட்டக் கறுப்பு, ஆனால் புட்டிக் கறுப்பு போல் செத்ததாக இருக்காது. இன்னொன்று: இந்தச் சிவப்பு காகிதத்தில் ஏறிவிட்டால் பஞ்சால் ஒற்றி எடுக்க முடியாது. கறை பிடிக்கும். அப்படிப் பிடிப்பதால் நிற்கும் என்று நினைத்தேன். கறை பிடிப்பதும் வெயிலில் நிற்பதும் வேறு வேறு என்று அப்போது எனக்குத் தெரியாது.

1984இல் கும்பகோணத்தில் நண்பர் வீட்டில் அவருடைய அம்மாவை வரைந்தேன். நண்பர் கவிஞர். நாலு இதழ் வந்து நின்றுபோன ஒரு பத்திரிகையும் நடத்தினார். அதன் அட்டைகளுக்கு நான் கோட்டோவியம் போட்டுக் கொடுத்தேன். அன்று அம்மா முற்றத்தின் ஓரம் கால் நீட்டி உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு பூவாகக் கள்ளனை உருவி மோர்ச் சட்டியில் போடுகிறார். கழற்றிய மடல்கள் மடியிலும் தரையிலும் கிடக்கின்றன. மடலின் வெளிப்புறம் சாம்பல் பூத்த ஊதா. உட்புறம் வழவழவென்று ஈரச் சிவப்பு. கையிலிருந்த குழாய்க்காகவே யாரோ செய்து வைத்த பூ மாதிரி இருந்தது. வெளிப்புறத்துக்கு அல்ட்ராமரினும் கிரிம்சனும், உட்புறத்துக்குத் தனிக் கிரிம்சன், அது காய்ந்தபின் அதன் மேலேயே இன்னொரு பூச்சு. அம்மாவின் விரலிடுக்கின் நிழல்களிலும் அதையே கொஞ்சம் விட்டேன்.

"என்ன தம்பி, என் விரல்ல ரத்தமா? வாழைப்பூக் கறை கறுப்புல்ல" என்றார்.

சரியான விமர்சனம். இருந்தாலும் நான் திருத்தவில்லை. திருத்தவும் முடியாது, கறை பிடித்துவிட்டது.

1985 ஜூனில், பள்ளி திறந்த வாரம், ஒரு காகிதப் பட்டையில் என்னிடமிருந்த வர்ணங்களை வரிசையாகத் தடவி, நீளவாக்கில் பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடி, வகுப்பறையின் மேற்கு ஜன்னலில் ஒட்டினேன். பையன்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று. அடுத்த ஜூனில் பிரித்தோம். அல்ட்ராமரின் அப்படியே இருந்தது. காவி அப்படியே இருந்தது. கிரிம்சனில், மூடியிருந்த பாதி ரோஜா, திறந்திருந்த பாதி பால் சிந்தித் துடைத்த இடம் போல. பையன்கள் கைதட்டினார்கள். வித்தை என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. குழாயை எடுத்துப் பார்த்தேன். நீடிப்பு எவ்வளவு என்று குறிக்கும் எழுத்து ஒன்று கடுகு அளவில் அதிலேயே அச்சாகியிருந்தது. மூன்று வருஷமாக நான் படிக்காமல் விட்ட எழுத்து.

ஆக, 1986இலேயே எனக்குத் தெரியும். இதைத்தான் சொல்ல வந்தேன்.

1987இல் அம்மா இறந்துபோனார். நண்பர் அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டு, ரேழி தாண்டியதும் கூடத்தில் மேற்கு வெயில் விழும் சுவரில் மாட்டினார். அங்கே அது மிக நன்றாக இருந்தது. சாயங்கால வெளிச்சத்தில் மடல்களின் உட்புறம் எரிந்தது. வந்தவர்கள் எல்லோரும் படத்தின் முன்னால் நின்றார்கள். 'இதை உள்ளறையில் மாட்டுங்கள்' என்று ஒரு வாக்கியம் நான் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அம்மா போன வீட்டில் எதற்கு இதைப் பேசுவது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உள்ளறையில் அந்தப் படத்தை யார் பார்ப்பார்கள்? அதுதான் நிஜக் காரணம்.

அதற்குப் பிறகு இந்தச் சிவப்பைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். குற்ற உணர்வு நல்ல நூலகர். அலிசரின் என்பது ஐரோப்பாவில் மேடர் என்ற செடியின் வேரில் இருக்கும் சாயப்பொருள். 1868இல் ஜெர்மனியில் கிரேபே, லீபர்மன் என்ற இருவர் நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த ஆந்த்ரசீனைக் கொண்டு அதையே செயற்கையாகச் செய்தார்கள். சில வருஷங்களில் பிரான்சில் மேடர் பயிரிட்ட வயல்கள் அழிந்தன. நம் கடற்கரையிலும் ஒரு வேர் இருந்தது. சாயவேர். நாட்டு மருந்துக் கடையில் இம்பூறல் என்று கேட்டால் கொடுப்பார்கள், ரத்த வாந்திக்கு. மணல் பூமியில் வளரும் அந்தச் சின்னச் செடியின் வேரிலும் இருப்பது அலிசரின்தான். சோழமண்டலக் கரையின் சிவப்புத் துணிகள் உலகம் சுற்றியது அந்த வேரால். லண்டனிலிருந்து எனக்கு வந்த குழாயில் இருந்தது இந்த ஊர் மணலுக்குத் தெரிந்த பொருள்.

அந்தத் துணிக்காரர்களின் முறை என்னை விசித்திரமாகப் பாதித்தது. துணியைக் கடுக்காயிலும் எருமைப் பாலிலும் ஊறவைத்துக் காயவைப்பார்கள். பிறகு சிவப்பு வர வேண்டிய இடங்களில் படிகாரக் கரைசலால் எழுதுவார்கள். படிகாரத்துக்கு நிறம் கிடையாது. எழுதியது கண்ணுக்குத் தெரிவதற்காக, பிறகு போய்விடும் ஒரு சாயத்தை அதில் கொஞ்சம் சேர்ப்பார்கள். கடைசியில் துணியைச் சாயவேரோடு கொதிக்கவிடும்போது படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு பிடித்துக்கொள்ளும். போகிற சாயம் எது, நிற்கிற சாயம் எது என்று அவர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் உள்ள 18ஆம் நூற்றாண்டுத் துணிகளில் அந்தச் சிவப்பு இன்றும் இருக்கிறது. நூலுக்குள் புகுந்து படிகாரத்தோடு பிணைந்துகொண்டதால் நிற்கிறது. என் படத்தில் அது காகிதத்தின் மேல் மெல்லிய ஏடாகக் கிடந்தது. மெல்லிசாகப் பூசினால் சீக்கிரம் போகும். நீர்வர்ணத்தின் அழகே மெல்லிசாகப் பூசுவதுதான்.

வான்கோவின் ஆர்ல் படுக்கையறை நினைவுக்கு வருகிறது. 1888இல் அவர் சுவர்களுக்கு வெளிர் ஊதா பூசியதாகத் தம்பிக்கு எழுதினார். சிவப்பு போய்விட்டதால் இன்று நாம் பார்ப்பது நீலச் சுவர். அந்த நீலத்தில் அவருடைய மனநிலையைப் படித்தவர்கள் உண்டு. புது வர்ணங்கள் நிலையற்றவை என்று அவருக்குத் தெரியும். காலம் குறைத்துவிடும் என்று தெரிந்தே கூட்டிப் பூசினார். தன் படம், தன் கணக்கு. என் விஷயம் அப்படி இல்லை.

ஏனென்றால் நண்பர் வீட்டிலும் அதேதான் நடந்தது. 1992 வாக்கில் மடல்களின் உட்புறம் வெறும் நிழலாகிவிட்டது. வெளிப்புறத்தில் சிவப்பு விலகி அல்ட்ராமரின் மட்டும் நின்றது, சிலேட்டுப் பலகை போல. விரல்களில் ரத்தம் வடிந்துபோயிருந்தது. தினமும் பார்க்கிறவருக்கு இது தெரியாது. வருஷத்துக்கு நாலு முறை போகிற எனக்கு ஒவ்வொரு முறையும் தெரிந்தது. காப்பி சாப்பிட்டுக்கொண்டே படத்துக்கு முதுகு காட்டி உட்காரப் பழகினேன். 1999இல் நண்பர் அம்மாவைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். அதில் மடியில் கிடக்கும் வாழை மடல்கள் நீலம். கைப்பிரதியைக் கொடுத்து என் முகத்தைப் பார்த்தார். "நன்றாக இருக்கிறது" என்றேன். நன்றாகத்தான் இருந்தது. நீலம் அந்த இடத்தில் சரியாக உட்கார்ந்திருந்தது. இரண்டு வருஷம் கழித்து ஒரு விமர்சகர் அந்த நீலத்தை எடுத்து, மரணத்தின் குளிர், ஆழ்மனப் படிமம் என்று மூன்று பக்கம் எழுதினார். நண்பர் மறுக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் தனக்கும் அப்படித்தான் படுகிறது என்றார். வாழைப்பூ நிறையக் காய்க்கும் ஊரில் இருந்துகொண்டு, வாரம் ஒருமுறை அதைச் சாப்பிட்டுக்கொண்டு, ஒரு மனிதர் அம்மாவின் மடியில் இருந்த மடலை மட்டும் நீலமாக நினைவு வைத்திருந்தார். நினைவை வெளுக்கவைத்தது வெயில். வெயிலுக்கு வழிவிட்டவன் நான். சாயம் வெளுத்துப்போச்சு என்று ஊரில் சொல்வார்கள். என் சாயம் கடைசிவரை அவர் முன்னால் வெளுக்கவில்லை. 2014இல் அவர் காலமானார்.

குழாயின் கடைசிச் சொட்டை நான் தூக்கிப்போடவில்லை. ஆனால் மற்றவர்களுக்குக் கொடுக்கும் படங்களில் இப்போது பூசுவது குயினாக்ரிடோன் ரோஸ். 1958இல் விற்பனைக்கு வந்த மூலப்பொருள், கார்களுக்குப் பூசும் அளவுக்கு வெயிலைத் தாங்கும். எல்லா அளவுகோலிலும் அலிசரினைவிட மேல். ஆனால் ஆழத்தில் இறங்க மறுக்கிறது. எவ்வளவு கெட்டியாக வைத்தாலும் சிரித்த முகம். அதற்குள் பிரஷ் நுனியளவு தாலோ பச்சை விட்டால் கொஞ்சம் அடங்கும், அலிசரினின் கறுத்த அடிப்பகுதிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கொஞ்சம் கூடினால் செத்த பழுப்பு. பல தட்டுகள் கெட்டபின் அளவு கைக்கு வந்தது.

2019இல் நண்பரின் மகள் அந்தப் படத்தை என்னிடம் கொண்டுவந்தாள். கண்ணாடி விரிந்துவிட்டது. மாற்றும்போது நிறத்தையும் 'டச்' பண்ணித் தர முடியுமா என்று கேட்டாள். மேஜையில் கவிழ்த்து ஆணிகளைப் பிடுங்கி, மவுண்ட் அட்டையைத் தூக்கினேன். காகிதத்தின் கீழ் ஓரத்தில், அட்டை மறைத்திருந்த கால் அங்குலத்தில், தரையில் கிடந்த மடல் ஒன்றின் நுனி இருந்தது. 1984இன் சிவப்பு.

"இது என்ன மாமா?" என்றாள்.

சொன்னேன். பட்டை, ஜன்னல், குழாயில் இருந்த எழுத்து, மேற்குச் சுவர், எல்லாவற்றையும். கவிதையைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் தடுமாறினேன். அவள் அந்த நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

நான் குயினாக்ரிடோனும் பச்சையும் கரைத்துத் தயாராக வைத்திருந்தேன். நுனியின் நிறத்தோடு ஒட்டிப் பார்த்ததில் கிட்டத்தட்டப் பொருந்தியது. அவள் வேண்டாம் என்றுவிட்டாள். அட்டையைக் கொஞ்சம் அகலமாக வெட்டி, அந்தக் கால் அங்குலமும் வெளியே தெரியும்படி சட்டம் போடச் சொன்னாள்.

"வெளியே வந்தால் அதுவும் போய்விடும்" என்றேன்.

"எத்தனை வருஷம் ஆகும்?"

"எங்கே மாட்டுகிறாய் என்பதைப் பொறுத்தது."

அவளுடைய ஃபிளாட்டில் வடக்குப் பார்த்த சுவர் ஒன்று இருக்கிறதாம். அங்கே பீரோ நிற்கிறது, நகர்த்த வேண்டும் என்றாள்.